ஸ்டேட் யாருடையது? திரை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் சிறு தொழில்களுக்கு வலைச் செயலிகள் எழுதும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களும், பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணம்தான்: கொலுசு ஆர்டர் எடுக்கும் திரை. செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் வெள்ளிக் கொலுசு செய்வதைச் சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு பட்டறைக்கான திரையில் கடையின் பெயர், மாடல், எத்தனை ஜோடி, ஜோடிக்கு எத்தனை கிராம், கிராமுக்கு என்ன கூலி, அன்றைய வெள்ளி விலை, மொத்தத் தொகை ஆகியவை இருக்கும். விற்பனைக்குச் செல்பவர் இதைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போவார்; சில நாட்களில் ஏற்காட்டுக்கும் ஏறுவார். திரை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டை வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். வியூ போன்ற மற்ற கருவிகள் வேறுபடும் இடங்களில் அதைச் சொல்கிறேன்.

ஸ்டேட் என்பது சாதாரண மாறிதானே? அதற்கு ஏன் தனிப் பெயர்?

மாறிதான். ஆனால் அதன் மதிப்பு மாறினால் திரையும் மாற வேண்டும். காம்பொனென்ட் என்பது திரையின் ஒரு பகுதியை வரையும் ஃபங்ஷன். அதற்குள் ஜோடி என்று ஒரு சாதாரண மாறியை 1 என வைத்து, பொத்தானை அழுத்தும்போது ஒன்று கூட்டிப் பாருங்கள். எண் கூடும், திரை அசையாது. மதிப்பு மாறியது ரியாக்டுக்குத் தெரியாது என்பது ஒரு காரணம். வேறு ஏதோ காரணத்தால் ரியாக்ட் அந்த ஃபங்ஷனை மறுபடி ஓட்டினாலும், மாறி திரும்பவும் 1 என்றே பிறக்கும் என்பது இன்னொன்று. ரியாக்ட் தரும் யூஸ்ஸ்டேட் இரண்டையும் தீர்க்கிறது: மதிப்பை ஃபங்ஷனுக்கு வெளியே பாதுகாக்கிறது, மாற்றும்போது திரையை மறுபடி வரையச் சொல்கிறது.

பழைய பாடங்களில் திஸ்.செட்ஸ்டேட் என்று கிளாஸ் வடிவில் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2013இல் ரியாக்ட் பொதுவெளிக்கு வந்தபோது யூஸ்ஸ்டேட் கிடையாது. 2019 பிப்ரவரியில் வந்த 16.8 பதிப்பில்தான் ஹூக்குகள் என்ற பெயரில் யூஸ்ஸ்டேட் போன்றவை சேர்ந்தன. கருத்து மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது.

ப்ராப்ஸுக்கும் ஸ்டேட்டுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் மதிப்புதானே?

யார் மாற்றலாம் என்பதில்தான் வித்தியாசம். ஸ்டேட் அந்தக் காம்பொனென்ட்டுக்குச் சொந்தம்; அதுவே மாற்றலாம். ப்ராப்ஸ் மேலேயிருந்து வருவது. வாங்கியவர் படிக்கலாம், கைவைக்கக் கூடாது. ஒருவருடைய ஸ்டேட் அவருடைய குழந்தைக் காம்பொனென்ட்டுக்கு ப்ராப்ஸாகப் போகும்.

எதையெல்லாம் ஸ்டேட்டில் வைக்க வேண்டும்? நான் திரையில் தெரியும் எல்லாவற்றையும் வைத்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்கிட முடியுமென்றால் அந்த இன்னொன்று ஸ்டேட்டில் இருக்கக் கூடாது. 12 ஜோடி, ஜோடிக்கு 85.5 கிராம் என்பது பயனர் தட்டியது, அது ஸ்டேட். மொத்தம் 1,026 கிராம் என்பது பெருக்கல். அதை ஃபங்ஷன் ஓடும்போதே ஒரு சாதாரண மாறியில் போட்டுக்கொள்ளுங்கள். மொத்த எடையையும் ஸ்டேட்டாக வைத்தால், ஜோடியை மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் எடையையும் மாற்ற நினைவு இருக்க வேண்டும். ஜோடியைக் கூட்டும் பொத்தானில் நினைவு இருக்கும். "போன மாத ஆர்டரையே திரும்பப் போடு" என்ற பொத்தானை ஆறு மாதம் கழித்து வேறொருவர் சேர்ப்பார்; அவருக்கு இருக்காது. ஒரே கணக்கை இரண்டு நோட்டில் எழுதினால் என்றாவது ஒருநாள் இரண்டும் முரண்படும், எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த முரண்பாட்டை, திரை வரைந்த பிறகு ஓடும் யூஸ்எஃபெக்ட் வைத்து ஒட்டுப் போடுவது பலருக்குப் பழக்கம்: ஜோடி மாறியதும் எஃபெக்ட் ஓடி மொத்தத்தை செட் செய்வது. வேலை செய்வதுபோலத் தெரியும். ஆனால் திரை முதலில் பழைய மொத்தத்தோடு ஒருமுறை கணக்கிடப்பட்டு, பிறகு புதிய மொத்தத்தோடு மறுபடி கணக்கிடப்படுகிறது. எஃபெக்ட்டுகள் ஒன்றையொன்று தூண்டத் தொடங்கினால் எது எதனால் ஓடுகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

வடிவமைத்த எழுத்தும் இதே வகைதான். ஸ்டேட்டில் இருக்க வேண்டியது 125000. திரையில் தெரிய வேண்டியது 1,25,000. காற்புள்ளி போடும் வேலையை வரையும்போது இன்டல்.நம்பர்ஃபார்மட்டிடம் விடுங்கள். இந்திய வட்டாரத்தைக் கொடுத்தால் லட்சக் கணக்கில் அதுவே பிரித்துத் தரும். தேடலில் வடிகட்டிய பட்டியல், தேர்ந்தெடுத்த ஆர்டரின் முழு விவரம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. தேர்ந்தெடுத்ததன் அடையாள எண்ணை மட்டும் ஸ்டேட்டில் வைத்து, விவரத்தைப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டால் மெதுவாகிவிடாதா?

ஒரு பட்டறையின் ஒருநாள் ஆர்டர்களைக் கூட்டுவதெல்லாம் கைபேசிக்கு ஒரு வேலையே அல்ல. மெதுவாகிறது என்று தோன்றினால் முதலில் அளந்து பாருங்கள். உண்மையிலேயே கனமான கணக்கு என்றால் யூஸ்மெமோ இருக்கிறது. உள்ளே போகும் மதிப்புகள் மாறாதவரை பழைய விடையையே தரும். அளக்காமல் எல்லா வரியிலும் யூஸ்மெமோ போட்டவர்களின் நிரலைப் படிப்பதுதான் மெதுவாக இருக்கிறது.

செட் செய்த அடுத்த வரியிலேயே அச்சிட்டுப் பார்த்தால் பழைய எண்தான் வருகிறது. ரியாக்டில் பிழையா?

பிழை இல்லை. ஒருமுறை ஃபங்ஷன் ஓடும்போது அதற்குள் இருக்கும் ஜோடி என்ற மதிப்பு அந்த ஓட்டம் முடியும்வரை மாறாது. செட்ஜோடி அந்த மதிப்பை மாற்றுவதில்லை. "அடுத்த ஓட்டத்தில் இது இருக்கட்டும்" என்று ரியாக்டிடம் மனு கொடுக்கிறது. இப்போது ஜோடி 5 என்றால், ஒரே அழுத்தலில் மூன்று முறை "ஜோடியோடு ஒன்று கூட்டி செட் செய்" என்று எழுதினாலும் மூன்றும் "6 ஆக்கு" என்ற ஒரே மனுதான். விடை 8 ஆகாது, 6தான்.

முந்தைய மதிப்பை வைத்து அடுத்ததைக் கணக்கிடும்போது, செட்டுக்குள் எண்ணுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள்: முந்தையதை வாங்கி ஒன்று கூட்டித் திருப்பித் தருவது. அப்படிக் கொடுத்தால் ரியாக்ட் அவற்றை வரிசையாக ஓட்டி 8 தரும்.

பல செட்டுகளைச் சேர்த்து ஒரே முறை வரைவதும் இதே ஏற்பாட்டின் பகுதி. 2022 மார்ச்சில் வந்த 18ஆம் பதிப்புக்கு முன்னால், ரியாக்டின் நிகழ்வுகளுக்குள் மட்டும்தான் இப்படிச் சேர்த்தது. டைமர், சர்வர் பதில் ஆகியவற்றுக்குள் ஒவ்வொரு செட்டுக்கும் தனித்தனியாக வரைந்தது. இப்போது எல்லா இடத்திலும் சேர்க்கிறது.

பட்டியலில் புஷ் செய்தேன். கன்சோலில் பட்டியல் நீண்டிருக்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை.

மதிப்பு மாறியதா என்பதை ரியாக்ட் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை, ஆப்ஜெக்ட்.இஸ் என்ற ஒப்பீட்டால் இது அதே பட்டியலா, வேறு பட்டியலா என்று மட்டும் பார்க்கிறது. நீங்கள் அதே பட்டியலுக்குள் ஓர் ஆர்டரைத் திணித்துவிட்டு அதையே திருப்பிக் கொடுத்தால், "இதுதான் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறதே" என்று விட்டுவிடும். பழைய ஆர்டர்களையும் புதியதையும் சேர்த்துப் புதுப் பட்டியல் ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். மேப், ஃபில்டர், ஸ்லைஸ் புதுப் பட்டியல் தருபவை. புஷ், ஸ்ப்லைஸ், சார்ட், ரிவர்ஸ் இருப்பதையே மாற்றுபவை. சார்ட்தான் அதிகம் ஏமாற்றுகிறது, ஏனென்றால் அது பட்டியலைத் திருப்பியும் தருவதால் புதியது போலத் தோன்றும். 2023இன் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் வந்த டூசார்ட்டட் மூலத்தைத் தொடுவதில்லை.

ஆர்டருக்குள் வரிசைகள், வரிசைக்குள் மாடல், அதற்குள் அளவு என்று ஆழமாகப் போனால் ஒவ்வோர் அடுக்கையும் நகலெடுக்க வேண்டும். கையால் எழுதினால் கண் கட்டும். இம்மர் என்ற நூலகம் நேரடியாக மாற்றுவதுபோல எழுதவிட்டு, பின்னால் நகலைத் தயாரித்துத் தருகிறது. ஆனால் அவ்வளவு ஆழம் தேவைதானா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல சமயங்களில் ஸ்டேட்டைத் தட்டையாக்கினாலே போதும்.

ஒரு வரிசையை நீக்கினால் அடுத்த வரிசையில் வேறு கடையின் குறிப்பு ஒட்டிக்கொள்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது, அக்கா.

பேய்க்குப் பெயர் இன்டெக்ஸ், அதாவது வரிசை எண். ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்ட ரியாக்ட் கீ கேட்கிறதே என்று 0, 1, 2 எனப் போட்டிருப்பீர்கள். ஸ்டேட் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கிறது என்று முதல் பதிலில் சொன்னேன். யாருடைய ஸ்டேட் எது என்பதை ரியாக்ட் மரத்தில் அந்தக் காம்பொனென்ட் இருக்கும் இடத்தை வைத்தும், கீயை வைத்தும்தான் அடையாளம் காண்கிறது. இரண்டாவது கடையை நீக்கினால் மூன்றாவது கடை 1 என்ற கீக்கு நகர்கிறது. அங்கே நீக்கப்பட்ட கடைக்காகத் தட்டிய குறிப்பு காத்திருக்கிறது. ஆர்டருக்கு என்று மாறாத அடையாள எண்ணைக் கீயாகக் கொடுங்கள்.

அதற்காக மேத்.ரேண்டத்தைக் கீயாகப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறை வரையும்போதும் கீ மாறும், பழைய வரிசை அழிந்து புதியது பிறக்கும், ஓர் எழுத்து தட்டியதும் பெட்டியிலிருந்து கர்சர் வெளியே விழும். ஒரு காம்பொனென்ட்டுக்குள்ளேயே இன்னொரு காம்பொனென்ட்டை எழுதினாலும் இதே விளைவுதான்.

இந்த நடத்தையை நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு மாறும்போது படிவம் காலியாக வேண்டுமென்றால், எஃபெக்ட் எழுதி ஒவ்வொரு பெட்டியாகத் துடைக்க வேண்டாம். படிவத்துக்குக் கடையின் அடையாள எண்ணைக் கீயாகக் கொடுத்தால் கடை மாறியதும் புதுப் படிவமே வரும்.

இரண்டு காம்பொனென்ட்டுக்கும் ஒரே மதிப்பு வேண்டும். யாரிடம் வைப்பது?

இரண்டுக்கும் பொதுவாக மேலே இருக்கும், மிக அருகிலுள்ள பெற்றோரிடம். வரிசைகளின் பட்டியலுக்கும் அடியில் வரும் மொத்தப் பட்டைக்கும் ஜோடி எண்ணிக்கை வேண்டும். இரண்டையும் தாங்கும் ஆர்டர் திரை அதை வைத்துக்கொண்டு, மதிப்பையும் மாற்றும் ஃபங்ஷனையும் கீழே அனுப்பட்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று உச்சியில் கொண்டுபோய் வைப்பதும் தவறு. ஒரு வரிசை விரிந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பது அந்த வரிசைக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஏழெட்டு அடுக்கு கீழே ப்ராப்ஸ் அனுப்பிக் கை வலிக்கிறது. உடனே ரிடக்ஸ் போட்டுவிடலாமா?

முதலில் அந்த ஏழெட்டு அடுக்கில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். நடுவில் இருப்பவை வெறும் பெட்டிகள் என்றால், உள்ளடக்கத்தையே சில்ட்ரனாக, அதாவது பெட்டிக்குள் வைக்கும் பொருளாக, அனுப்பினால் பாதி அடுக்கு தானாக மறைந்துவிடும். இதை யாரும் முயல்வதில்லை, ஏனென்றால் புது நூலகத்தை நிறுவுவதில் கிடைக்கும் மகிழ்ச்சி இதில் இல்லை.

மொழி, தோற்றம், உள்நுழைந்தவர் யார் என்பவை எங்கும் தேவைப்படும், அரிதாகவே மாறும். அவற்றுக்குக் கான்டெக்ஸ்ட் போதும்; அடுக்கடுக்காக அனுப்பாமலே கீழே இருப்பவர் எவரும் அதைப் படிக்கலாம். தொலைவிலிருக்கும் பல திரைகள் அடிக்கடி மாற்றும் பொது ஸ்டேட் இருந்தால், காம்பொனென்ட்டுகளுக்கு வெளியே அதை வைக்கும் ஸ்டோர் வேண்டும். அப்படிப்பட்ட ரிடக்ஸ் 2015இல் வந்தது. எல்லா மாற்றமும் பெயரிட்ட செயலாக ஒரே வழியில் போவதால் பெரிய குழுவுக்கு யார் எதை மாற்றினார்கள் என்று பின்தொடர எளிது. இன்று எழுதினால் ரிடக்ஸ் டூல்கிட்டோடு எழுதுங்கள். மேலே சொன்ன இம்மர் அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்று பேர் குழுவுக்கு என் தேர்வு சுஸ்டாண்ட் போன்ற சிறியது. வியூவில் எழுதுபவர்களுக்கு பீனியா.

கான்டெக்ஸ்ட் போட்ட பிறகு ஓர் எழுத்து தட்டினாலும் திரை முழுக்க மறுபடி வரையப்படுகிறதே?

கான்டெக்ஸ்ட்டின் மதிப்பு மாறினால் அதைப் படிக்கும் அனைவரும் மறுபடி ஓடுவார்கள். அவர்களுக்கு வேண்டிய பகுதி மாறியதா என்று பார்ப்பதில்லை. தட்டும் எழுத்தையும் மொழித் தேர்வையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருப்பீர்கள். பிரித்து இரண்டு கான்டெக்ஸ்ட்டாக்குங்கள், அல்லது தட்டும் எழுத்தைப் படிவத்துக்கே திருப்பிக் கொடுங்கள்.

கிராம் பெட்டியில் 85.5 என்று தட்டவே முடியவில்லை. புள்ளி வைத்ததும் மறைந்துவிடுகிறது.

ஒவ்வொரு தட்டலிலும் எண்ணாக மாற்றி ஸ்டேட்டில் வைக்கிறீர்கள். "85." என்பதை எண்ணாக்கினால் 85, அது திரும்பப் பெட்டிக்குப் போகும்போது புள்ளி இருக்காது. பெட்டிக்குரிய ஸ்டேட், பயனர் தட்டிய எழுத்து அப்படியே. எண் என்பது அதிலிருந்து கணக்கிடுவது. மூன்றாவது பதிலின் விதிதான் இங்கும்.

கணக்குப் போடும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். கொடுத்த வெள்ளிக்கும் திரும்பி வந்த கொலுசுக்கும் எடை பார்க்கும் தொழிலில் இந்த வாலைக் காட்ட முடியாது. எடையை மில்லிகிராமாகவும் தொகையைப் பைசாவாகவும் முழு எண்ணில் வைத்துக் கணக்கிட்டு, காட்டும்போது மட்டும் வகுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் தட்டும்போது மட்டும் எழுத்து உடைகிறது. சேமித்த கடையைத் தேடினாலும் சில நேரம் கிடைப்பதில்லை. ஏன்?

இவை இரண்டு வேறு நோய்கள். முதலாவது: ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் ஓர் எழுத்தைப் பல தட்டல்களில் கோத்து முடிக்கின்றன. கோத்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ட்ரிம் செய்தோ, எதையாவது நீக்கியோ மதிப்பை மாற்றித் திருப்பி அனுப்பினால் கோத்துக்கொண்டிருந்த எழுத்து குலைந்துவிடும். தட்டும்போது எதையும் திருத்தாதீர்கள். பெட்டியை விட்டு வெளியேறும்போதோ சேமிக்கும்போதோ திருத்துங்கள். வியூவில் பெட்டியையும் ஸ்டேட்டையும் இணைக்கும் வி-மாடல், எழுத்தைக் கோத்து முடிக்கும்வரை ஸ்டேட்டைப் புதுப்பிப்பதே இல்லை. உடனுக்குடன் தேடல் வேண்டுமென்றால் இன்புட் நிகழ்வை நீங்களே கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது: "கொ" என்பதில் வரும் ஒகர உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் "கொலுசு" என்பதன் நீளம் ஒன்றில் 6, மற்றதில் 7. ஒப்பிட்டால் சமமில்லை என்று சொல்லும். சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் நார்மலைஸ் என்ற முறையால் ஒரே வடிவுக்குக் கொண்டுவாருங்கள். எத்தனை எழுத்து என்று பயனருக்குக் காட்ட வேண்டுமானால் நீளத்தை நம்பாமல் இன்டல்.செக்மென்டரைக் கேளுங்கள், அது மூன்று என்று சரியாகச் சொல்லும்.

வெள்ளி விலை சர்வரிலிருந்து வருகிறது. அதையும் யூஸ்ஸ்டேட்டில் போடலாம்தானே?

போடலாம், ஆனால் அது உங்களுடையது அல்ல. உண்மையான விலை சர்வரில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது ஒரு கணத்தில் எடுத்த நகல். எப்போது எடுத்தது, பழசாகிவிட்டதா, இரண்டு திரைகள் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு முறை போக வேண்டுமா, தோற்றால் மறுபடி முயல வேண்டுமா என்ற கேள்விகள் அதோடு வரும். டான்ஸ்டாக் குவரி போன்ற நூலகங்கள் இதற்காகவே இருக்கின்றன. பயனர் வேறு செயலிக்குப் போய்விட்டுத் திரும்பினால், நீங்கள் வேறு அமைப்பு தராதவரை அது விலையை மறுபடி கேட்டுவரும். விலைக்கு அது நல்லது. ஆனால் பயனர் திருத்திக்கொண்டிருக்கும் படிவத்தை அந்தத் தரவோடு நேரடியாகக் கட்டிவைத்தால், தட்டியது அவர் கண்ணெதிரே மாறிவிடும்.

இங்கே ஒரு கூர்மையான விஷயம் இருக்கிறது. கணக்கிடக் கூடியதைச் சேமிக்காதே என்று மேலே அவ்வளவு வலியுறுத்தினேன். ஆர்டர் உறுதியானதும் அந்த விதி நின்றுவிடுகிறது. கடைக்காரரோடு திங்கட்கிழமை பேசி முடித்த விலை ஒரு நிகழ்வு; செவ்வாய்க்கிழமை வெள்ளி ஏறினாலும் இறங்கினாலும் அது மாறாது. அதை இன்றைய விலையிலிருந்து கணக்கிட்டால் பழைய பில்கள் எல்லாம் தினமும் மாறும். வரைவில் இருக்கும் ஆர்டருக்கு நடப்பு விலையைக் கணக்கிடுங்கள், உறுதியான ஆர்டருக்குப் பேசிய விலையைப் பதியுங்கள்.

ஏற்றுகிறது, பிழை, முடிந்தது என்று மூன்று ட்ரூ ஃபால்ஸ் வைத்திருக்கிறேன். சில நேரம் சுழலும் வட்டமும் பிழைச் செய்தியும் ஒன்றாக வருகின்றன.

மூன்று ட்ரூ ஃபால்ஸ் என்றால் எட்டு நிலைகள். அவற்றில் உங்களுக்கு வேண்டியவை நான்கு. மீதி நான்கும் நடக்கக் கூடாதவை, ஆனால் நடக்க வழி திறந்தே இருக்கிறது. "தொடங்கவில்லை", "ஏற்றுகிறது", "பிழை", "முடிந்தது" என நான்கில் ஒன்றை மட்டும் ஏற்கும் ஒரே ஸ்டேட்டாக மாற்றுங்கள். மாற்றங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் யூஸ்ரெட்யூசர் வசதி: என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த நிலை எது என்ற முடிவை ஒரே இடத்தில் எழுதலாம்.

மாடல்களை வேகமாக மாற்றித் தட்டினால், முன்பு தட்டிய மாடலின் விவரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சர்வரின் பதில்கள் கேட்ட வரிசையில் வரும் என்று யாரும் உறுதி தரவில்லை. முதலில் கேட்டது தாமதமாக வந்து, சரியான பதிலின் மேல் ஏறி உட்காருகிறது. எஃபெக்ட்டின் துப்புரவு ஃபங்ஷனில் பழைய கோரிக்கையை அபார்ட்கன்ட்ரோலரால் நிறுத்துங்கள். குறைந்தபட்சம் "இது இனி வேண்டாம்" என்று ஒரு கொடியை வைத்து, பதில் வரும்போது அதைப் பார்த்து ஒதுக்குங்கள். அலுவலக வைஃபையில் இந்தப் பிழை தெரியாது. பிரவுசரின் கருவிகளில் இணைப்பைச் செயற்கையாக மெதுவாக்கிச் சோதியுங்கள்.

என் கணினியில் மட்டும் எல்லாம் இரண்டு முறை ஓடுகிறது.

காரணம், பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் ஸ்ட்ரிக்ட்மோட். செயலியை உருவாக்கும் காலத்தில் மட்டும் ரியாக்ட் வேண்டுமென்றே காம்பொனென்ட் ஃபங்ஷனை இரண்டு முறை ஓட்டுகிறது. 18ஆம் பதிப்பிலிருந்து எஃபெக்ட்டையும் ஒருமுறை போட்டு, கலைத்து, மறுபடி போடுகிறது. இரண்டு முறை ஓடியதால் ஆர்டர் இரண்டாகப் பதிவானால் பிழை உங்கள் நிரலில் இருக்கிறது. ஸ்ட்ரிக்ட்மோடை அணைப்பது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பதுதான்.

பக்கத்தைப் புதுப்பித்தால் வடிகட்டி, தேதி எல்லாம் போய்விடுகின்றன. லோக்கல் ஸ்டோரேஜில் போடலாமா?

வடிகட்டியும் தேதியும் முகவரிப் பட்டையில் இருக்க வேண்டியவை. அப்போது புதுப்பித்தாலும் நிற்கும், பின்செல்லும் பொத்தான் வேலை செய்யும், "இந்த வாரம் பாக்கியுள்ள ஆர்டர்கள்" என்ற பார்வையை வாட்ஸப்பில் அப்படியே அனுப்பலாம். முகவரியில் ஒரு நகல், யூஸ்ஸ்டேட்டில் ஒரு நகல் என்று மட்டும் வைக்காதீர்கள், முகவரியிலிருந்தே படியுங்கள்.

லோக்கல் ஸ்டோரேஜ் அந்தக் கருவிக்கு மட்டும் உரிய விருப்பங்களுக்கு: எழுத்தளவு, கடைசியாகத் திறந்த தாவல். அது எழுத்துச் சரங்களை மட்டுமே ஏற்கும், ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பிதான் இடம் தரும். பக்கத்தைச் சர்வரிலேயே வரைந்து அனுப்புபவர்கள் தொடக்க ஸ்டேட்டாக இதைப் படித்தால், சர்வர் வரைந்ததும் பிரவுசர் வரைவதும் பொருந்தாமல் எச்சரிக்கை வரும். எஃபெக்ட்டுக்குள் படியுங்கள்.

சிக்னல் வந்துவிட்டது, ரியாக்டின் தொல்லைகள் எதுவும் இனி இல்லை என்கிறார்களே?

சில தொல்லைகள் குறையும். சிக்னல் என்பது தன்னை யார் படிக்கிறார்கள் என்று தானே குறித்துவைத்துக்கொள்ளும் மதிப்பு. மாறினால் படித்தவர்களுக்கு மட்டும் தகவல் போகும். காம்பொனென்ட் முழுவதும் மறுபடி ஓட வேண்டியதில்லை. எண்ணம் புதியது அல்ல. 2010இல் வந்த நாக்கவுட்டிலேயே இதன் மூதாதை இருக்கிறது. சாலிட் இதை மெருகேற்றியது, ஆங்குலர் 2023இல் 16ஆம் பதிப்பில் சேர்த்தது, ஸ்வெல்ட் 2024இல் 5ஆம் பதிப்பில் ரூன் என்ற வடிவில் கொண்டுவந்தது. வியூ நெடுநாளாகவே இந்த வழியில்தான் போகிறது. அதன் மூன்றாம் பதிப்பு ப்ராக்ஸியைப் பயன்படுத்துவதால், புஷ் செய்தாலும் திரை மாறும்.

ஆனால் புதுத் தொல்லைகளும் வரும். வியூவில் ரியாக்டிவ் ஆப்ஜெக்ட்டைப் பிரித்து ஜோடியைத் தனி மாறியாக எடுத்தால் தொடர்பு அறுந்து, அது வெறும் எண்ணாகிவிடும். மொத்தத்தைத் தனியாகச் சேமித்து முரண்படவைப்பது, பேசிய விலையைப் பதியாமல் விடுவது ஆகியவற்றை எந்தக் கருவியும் தடுக்காது.

ஏற்காடு ஏறும்போது இணைய இணைப்பு போய்விடுகிறது. ஆர்டர் சேமிக்கப்பட்டதா இல்லையா என்று திரையில் எப்படிக் காட்டுவது?

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இணைப்பு எங்கே வரும், எங்கே போகும் என்று திரை எழுதுபவர் கணிக்க முடியாது. ஆகவே "சேமித்தாயிற்று" என்று ஒற்றைப் பச்சை அடையாளம் காட்டுவது பொய். ஒவ்வோர் ஆர்டருக்கும் தனி நிலை வேண்டும்: கைபேசியில் மட்டும் இருக்கிறது, அனுப்பிக்கொண்டிருக்கிறது, பட்டறைக்குச் சேர்ந்தது, பட்டறை மறுத்தது. மூன்று ட்ரூ ஃபால்ஸ் கேள்வியில் சொன்னதுபோல ஒரு நேரத்தில் ஒன்றுதான். முதலில் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட்டிபியில் எழுதுங்கள், பிறகு வரிசையில் வைத்து அனுப்புங்கள். நேவிகேட்டர்.ஆன்லைன் ட்ரூ என்று சொன்னால் ஏதோ ஒரு வலையமைப்போடு இணைந்திருக்கிறது என்றுதான் பொருள், சர்வர் எட்டுகிறது என்றல்ல. சர்வர் பதில் தந்தால் மட்டும் நம்புங்கள்.

அனுப்பியது போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைவதும் உண்டு. கைபேசி மறுபடி அனுப்பும்; பட்டறை 12 ஜோடிக்குப் பதில் 24 செய்து வைக்கும். இதைத் தவிர்க்க, ஆர்டரின் அடையாள எண்ணைச் சர்வர் தரும்வரை காத்திராமல் கைபேசியிலேயே உருவாக்குங்கள். அப்படி ஓர் எண்ணை உருவாக்கித் தரும் கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி, பாதுகாப்பான இணைப்பில் திறந்த பக்கங்களில் கிடைக்கும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தர வேண்டும். பட்டியலின் கீயாகவும் இதே எண் உதவும்.

மலையில் இருப்பவர் ஆர்டரைத் திருத்துகிறார். அதே நேரத்தில் பட்டறையில் இருப்பவரும் திருத்துகிறார். யாருடையது நிற்கும்?

நீங்கள் எதுவும் எழுதாவிட்டால் கடைசியாக வந்து சேர்ந்தது நிற்கும். அது பெரும்பாலும் தவறானது, ஏனென்றால் மலையில் காலையில் செய்த திருத்தம் மாலையில்தான் இறங்கி வரும். ஆர்டருடன் ஒரு பதிப்பு எண்ணை வையுங்கள். நான்காம் பதிப்பைப் பார்த்துத் திருத்தினேன் என்று கைபேசி சொல்லட்டும். சர்வரில் ஐந்தாகியிருந்தால் அது மறுக்கட்டும். மறுத்ததும் கைபேசி தன் திருத்தத்தைத் தூக்கியெறியக் கூடாது. இரண்டையும் அருகருகே காட்டி விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். குறிப்பு மாதிரியான பகுதிகளைத் தானாக இணைக்கலாம். ஜோடி, கிராம், கூலி ஆகியவற்றைத் தானாக இணைக்கும் தந்திரம் எதையும் நான் அனுமதிப்பதில்லை. வெள்ளியை வெட்டத் தொடங்கிவிட்டார்களா என்பது பட்டறைக்காரருக்குத்தான் தெரியும், அவரைத் தொலைபேசியில் அழைக்கும் பொத்தானை அதே திரையில் வைத்துவிடுங்கள்.